குழந்தைகளுக்குக் காணும் சின்னம்மை

பிசான அறுவடை முடிந்து நெல் வீடு சேரும் மாசி, பங்குனி மாதங்களில், தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் சில வீடுகளின் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கக் காண்கிறோம். அவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே.

சென்ற வருஷம் அம்பாசமுத்திரம் தாலுகாவில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் கூட்டத்திற்கு வரவில்லை. அவருடைய மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை வார்த்து ஐந்து நாளாகியும் ஜுரம் தணியாமல் மூச்சு இரைத்தது. தண்ணீர் விடுமுன் டாக்டரிடம் போவது தெய்வக் குற்றம் என்று பெரியவர்கள் தயங்கினர். சங்கத்து நண்பர்கள் இருவர் நயமாக எடுத்துச் சொல்லிப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றனர். நுரையீரலில் வீக்கம் என்று கண்டு சிகிச்சை செய்யப்பட்டது. குழந்தை பிழைத்தது.

இந்தத் தயக்கத்தில் வைசூரிக் காலத்துப் பயமும் கலந்திருக்கிறது. வைசூரி நம் தேசத்தில் 1975-ஆம் வருஷத்துடன் நின்றது. உலகத்திலேயே அது ஒழிந்ததென்று 1980-ல் பிரகடனம் செய்யப்பட்டது. வைசூரியில் முகம், கை, கால்களில் முத்துக்கள் அடர்ந்து, ஓரிடத்தில் உள்ளவையெல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். நீர்க்கொளுவான் என்னும் சின்னம்மை வேறு வியாதி. இவ்விரண்டும் வேறென்று இங்கிலாந்து வைத்தியர் ஹெபர்டன் 1767-லேயே விளக்கினார்.

அறிகுறிகள்: தொற்றிய 10 முதல் 21 நாட்களுக்குள் இலேசான ஜுரமும் பசியின்மையும் காணும். பின் மார்பு, முதுகு, முகம், தலை ஆகிய இடங்களில் சிவந்த தடிப்புகள் தோன்றி, விரைவில் நீர் கோத்த கொப்புளங்களாகும். புதியவை நாலைந்து நாள் வந்துகொண்டே இருக்கும். ஆகையால் தடிப்பு, கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே சமயத்தில் காணலாம். அரிப்பு மிகும்.

தொற்று: தடிப்பு தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் பொருக்காகும் வரை இது காற்றினாலும் தொடுவதாலும் பரவும். அதுவரை குழந்தையைப் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ அனுப்பலாகாது. முன்பு இவ்வியாதி காணாத கர்ப்பிணிகளையும், பச்சிளங் குழந்தைகளையும் அருகில் விடலாகாது. பெரியவர்களுக்குக் காணும் அக்கியும் இதே கிருமியால் வருவது. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டாலும் குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். வருவோரைத் தடுக்கும் வேப்பிலைக் கொத்து ஆகவே நல்ல வழக்கமே.

பராமரிப்பு முறை:

1. இளநீர், மோர், நொய்க்கஞ்சி ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். உப்பை விலக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

2. தண்ணீர் விடும் நாள் வரை குளிப்பாட்டாமல் இருக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் தேய்க்காமல் குளிப்பாட்டி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

3. நகங்களை வெட்டிவிடுங்கள். சொறிந்தால் சீழ் பிடித்துத் தழும்பு நிலைக்கும்.

4. ஜுரத்திற்குப் பாரசிட்டமால் மருந்தை, குழந்தையின் எடைக்குத் தக்க அளவில், டாக்டர் சொன்னபடி கொடுங்கள். ஆஸ்பிரின் ஒருபோதும் கூடாது. அபூர்வமாயினும் ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய கேடு அதனால் விளையும். இபுபுரூபனும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கத் தக்கதன்று.

அபாயக் குறிகள்: மூச்சு இரைத்தல், நான்கு நாளுக்கு மேல் ஜுரம், இழுப்பு, எழுப்பினாலும் விழியாமை, நடை தள்ளாடல், நீர் அருந்த மறுத்தல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை கண்டால் அபாயக் குறிக்காகக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

இதைத் தடுக்கும் ஊசியை ஜப்பானிய வைத்தியர் தகஹாஷி 1970-களில் கண்டுபிடித்தார். நம் நாட்டில் அது சர்க்கார் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. 15 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு இரண்டு தவணையாகத் தனியார் டாக்டர்களிடம் போட்டுக்கொள்ளலாம்.

அம்மனுக்குச் செய்யும் வழிபாட்டைக் கைவிடும்படி யாரும் கேட்கவில்லை. வழிபாடும் வைத்தியமும் ஒரே வீட்டில் நடக்கலாம். அங்கத்தினர்களே, வேப்பிலை கட்டிய வாசலைக் கண்டால், முன்பே அம்மை கண்டு குணமான ஒருவர் தினமும் சென்று விசாரியுங்கள்: குழந்தை நீர் அருந்துகிறதா? மூச்சு சீராக இருக்கிறதா? விழித்துப் பேசுகிறதா? சங்கத்தார் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவிகளில் இது சிறிதன்று.