குட்டிக் காருக்குப் புளி வேண்டாம்

நவராத்திரி நெருங்கினால் காஞ்சிபுரத்தில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். ஒன்றில் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய காகிதக்கூழ் கருட சேவை செட். இன்னொன்றில் கொலுப் பார்க்கில் பிள்ளைகள் வரிசை கட்டும் ஹாட் வீல்ஸ், மெய்ஸ்டோ கார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஈரத்துணியால் துடைத்து முடிப்பது பல வீட்டு வழக்கம். தூசியால் கெட்ட குட்டி வண்டிகளைவிட, சுத்தம் செய்யப்போய்க் கெட்டவைதான் அதிகம் என்பேன்.

"விளக்குக்குத் தேய்க்கிற புளிதானே, காருக்கும் தேய்க்கலாம்."

விளக்கு பித்தளை. டைகாஸ்ட் காரின் உடம்போ துத்தநாகக் கலவை, சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்தது. துத்தநாகத்தை அமிலம் அரிக்கும். பூச்சு உதிர்ந்த ஓரத்தில் புளித்தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுக்கும். பக்கத்துப் பூச்சும் கிளம்பும். திருநீறு, பற்பசை, பாத்திரப் பொடி எல்லாம் உரசியே பளபளப்பைக் கொண்டுவருபவை. காரின் நம்பர் பிளேட்டும் பக்கவாட்டுக் கோடுகளும் மெல்லிய மை அச்சு. நாலு தேய்ப்புக்குத் தாங்காது. சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அந்தச் சிரமம்கூடத் தராமல் பெயிண்டைக் கரைத்துவிடும்.

"பட்டுத்துணியைவிட மெத்தென்று எது இருக்கிறது?"

நெசவு ஊரில் இதை மறுத்துப் பேசுவது கஷ்டம்தான். ஆனால் பழைய புடவைத் துண்டில் ஜரிகை இருக்கும். ஜரிகை என்பது பட்டு இழையைச் சுற்றிய வெள்ளிக் கம்பி. பெயிண்டில் கோடு போட அது போதும். ஜரிகை இல்லாத துண்டாக இருந்தாலும், காய்ந்த பட்டைப் பிளாஸ்டிக் கண்ணாடியில் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த தூசி திரும்ப வந்து ஒட்டும். மேக்கப் பிரஷ் போன்ற மெல்லிய தூரிகையும், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயரும் நல்லது. தறி ஓடும் வீட்டில் பட்டுப் பிசிறு அச்சுக்கம்பியில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை இறுக்கும். அதை ட்வீசரால் எடுங்கள், இழுக்காதீர்கள்.

"புடவை பீரோவில் வைத்தால் பத்திரம்."

அந்துருண்டை இல்லாத பீரோவாக இருந்தால் சரி. நாப்தலீன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பாலிஸ்டைரீனில் ஒட்டிச் செய்த மாடல்கள் முதலில் மாட்டும்.

"தண்ணீரில் ஒரு அலசு அலசினால் புதுசு."

பிள்ளைகள் மண்ணில் ஓட்டிய காரென்றால் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரில் சட்டென்று அலசி, உடனே ஒற்றி உலர்த்தலாம். அச்சுக்கம்பி பெரும்பாலும் எஃகு. ஈரம் தங்கினால் துரு. போர் தண்ணீரென்றால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டும் விழும்.

கருட சேவை செட் விஷயமே வேறு. அது ஊறவைத்து அரைத்த காகிதம். மேலே உள்ள வண்ணமும் பல செட்களில் நீரில் கரைவது. ஈரத்துணியை ஒருமுறை இழுத்தால் கருடன் மேலிருக்கும் வரதராஜப் பெருமாளின் திருமண் கன்னத்துக்கு இறங்கிவிடும். குடை, கிரீடம், கருடனின் சிறகு, ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள் என்று மேலிருந்து கீழே, காய்ந்த தூரிகையால் மட்டும் வாருங்கள். மாலையின் மடிப்பில்தான் தூசி அடைந்து கிடக்கும். தூக்கும்போது பீடத்தைப் பிடியுங்கள். சிறகைப் பிடித்துத் தூக்கி ஒடிந்த கருடன்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

"ஒரு காரில் வெடிப்பு வந்தால் பக்கத்துக் காருக்கும் தொற்றும்."

தொற்றாது. சில பழைய டைகாஸ்ட் வண்டிகள் உள்ளிருந்தே உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததுதான் காரணம். 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி மிகத் தூய துத்தநாகத்தில் ஜமாக் கலவையைக் கொண்டுவந்தது இதைத் தடுக்கத்தான். ஆனாலும் வார்ப்பாலையில் ஈயத் துணுக்கு விழுந்தால் தூய்மை போச்சு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி டாய்ஸ் பலவற்றுக்கு இந்தக் கதி. பசை போட்டாலும் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. வெப்பமும் ஈரமும் வேகப்படுத்தும். இதில் மருத்துவம் என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. டிங்கி அச்சுகளை வைத்துக் கல்கத்தாவில் வார்த்த நிக்கி டாய்ஸ் உங்கள் தாத்தா பெட்டியில் கிடந்தால், புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய பூச்சைத்தான்.

கொலு எடுத்ததும் கட்டி வைப்பதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவது ஐப்பசி மழை. செய்தித்தாளின் மை ஒட்டும். குமிழ் உறை மாதக்கணக்கில் அழுத்திக் கிடந்தால் பெயிண்டில் வட்டத் தடம் விழும். வெளுத்த பழைய பருத்தி வேட்டித் துண்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரம் குடித்து நிரம்பிவிட்டால் வெறும் மணல்தான், ஆண்டுதோறும் மாற்றுங்கள். மழை பெய்கிற நாளில் பெட்டியை மூடாதீர்கள். ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும்.