கரையேற்றினால் படகு காய்ந்துவிடுமா?

கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. ஐப்பசி மழையில் பெருகி நிற்கும் தண்ணீர், பாசனத்துக்குத் திறந்துவிட்டபின் வாரத்துக்கு வாரம் இறங்கும். சித்திரையில் கரையோரச் சேறு வெடித்துக் கிடக்கும். சின்னசேலம் வட்டாரத்து ஏரிகளும் மழையை நம்பியவைதான். அதனால் நம் பக்கத்தில் ஒரு சிறு படகு மிதக்கும் நாள்களைவிடத் தரையில் கிடக்கும் நாள்களே அதிகம். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரின் பரிசல், பண்ணைக்குட்டையில் பிள்ளைகளுக்காக வாங்கிவிட்ட ஃபைபர் படகு, கல்வராயன்மலையில் விடுதி நடத்துபவரின் மிதிபடகு என எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை.

படகு வாங்கும்போது நாலு இடம் விசாரிக்கிறோம். அதை எங்கே, எப்படி வைப்பது என்று யாரும் விசாரிப்பதில்லை. காலியாக இருக்கும் இடத்தில் தள்ளிவிடுகிறோம். அதற்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்.

“தண்ணீரை விட்டு எடுத்துவிட்டால் போதும், படகு காய்ந்துவிடும்.”

காயாது. நிமிர்த்தி வைத்த படகு ஒரு தொட்டி. உள்பரப்பு 4 சதுர மீட்டர் கொண்ட சிறு படகின்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் உள்ளே 400 லிட்டர் தண்ணீர் சேரும், அதாவது 400 கிலோ. படகின் சொந்த எடையையே மிஞ்சும் இந்தச் சுமையை ஏரியில் இருக்கும்போது சுற்றியுள்ள தண்ணீர் அடிப்பாகம் முழுக்கச் சமமாகத் தாங்கும். தரையில் அப்படி இல்லை. கீழே கொடுத்திருக்கும் இரண்டு கல்லோ கட்டையோதான் அத்தனையையும் தாங்கியாக வேண்டும். அந்த இடத்தில் ஃபைபர் உள்வாங்குகிறது, மயிரிழை விரிசல் விடுகிறது. அடுத்த பருவத்தில் படகு ‘காரணமே இல்லாமல்’ ஒழுகுகிறது.

ஆகவே, படகைக் கரையேற்றி உலரவைக்க இடம் பார்க்கும்போது மூன்றைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் தங்காமல் ஓட வேண்டும், காற்று புகுந்து வெளியேற வேண்டும், எடை சரியான இடத்தில் இறங்க வேண்டும். கூரை இருக்கிறதா என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். அடியில் வடிகால் திருகு உள்ள படகு என்றால் திருகைக் கழற்றி, முன்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். கழற்றிய திருகைப் படகுக்குள்ளேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். திருகைத் தொலைத்துவிட்டுத் துணியைச் சுருட்டி அடைத்துப் படகை இறக்குவது உயிரோடு விளையாடுவது.

ஃபைபர் படகுக்கு வெயிலும் மழையும் ஒன்றும் செய்யாது என்பது அடுத்த நம்பிக்கை. கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த உடம்புக்கு மேலே ‘ஜெல்கோட்’ என்னும் மெல்லிய பூச்சு இருக்கிறது. அதுதான் தோல். புற ஊதாக்கதிர் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு வெளிறும். தொட்டால் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டும். அந்த நிலையில் அது தண்ணீரை முன்போலத் தடுக்காது. உள்ளே ஊறும் தண்ணீர், பிசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலும் தண்ணீரை இழுக்கும். பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். குளிர்ந்த கடல்நீரைவிட வெதுவெதுப்பான நன்னீரில் இது விரைவாக நடக்கும். நம் ஏரித் தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் படகுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொப்புளம் வந்த படகைப் பல வாரம் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தாமல் மேலே பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

மோட்டார் மாட்டும் பின்பலகை இன்னும் நுட்பமான இடம். பல படகுகளில் அந்த ஃபைபருக்கு உள்ளே பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியே ஈரம் புகுந்தால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மக்கிவிடும். மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மந்தமான சத்தம் ஆகாது.

இனி தார்ப்பாய். நம் ஊரில் எந்தப் பொருளுக்கும் இதுவே கடைசி மருந்து. இறுக்கிப் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, நிம்மதியாக இருந்துவிடுகிறோம். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் மார்கழிப் பனியையும் மூடுபனியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பகலில் பாய்க்குள் சூடேறும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து பாயின் அடிப்பக்கமே முத்துமுத்தாகப் படியும், படகுக்குள் சொட்டும். மழையே இல்லாமல் படகு நனைகிறது. பூஞ்சை பிடித்த இருக்கைகளும் துருவேறிய பெடல் சங்கிலியும் பெரும்பாலும் இப்படி வந்தவைதாம். நடுவில் ஒரு மூங்கிலை நீளவாக்கில் உயர்த்திக் கட்டி, வீட்டுக் கூரைபோல இரு பக்கமும் சரியும்படி பாயைப் போடுங்கள். இரு முனையிலும் காற்றுக்கு வழி விடுங்கள். பாய் படகைத் தொடவே கூடாது. காற்றில் உரசும் பாய் பூச்சைத் தேய்த்துவிடும்.

“மரப்படகு எவ்வளவு காய்ந்தாலும் நல்லது” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது அதிகம் ஏமாற்றுகிறது. கட்டுமரத்துக்கு இது முழு உண்மை. லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது அது, மரம் தண்ணீரைவிட இலகுவாக இருப்பதால் மட்டுமே மிதக்கிறது. ஊற ஊறக் கனக்கும். அதனால்தான் சோழமண்டலக் கரை மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டார்கள். பலகை பொருத்திய படகுக்கு இது நேர்மாறு. அதன் பலகைகள் ஊறி உப்பித்தான் இடுக்கை மூடிக்கொள்கின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்தால் பலகை சுருங்கி, அடைத்த பஞ்சு உதிர்ந்து, இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். அதற்குத் தேவை நல்ல நிழல், மிதமான ஈரம். மீண்டும் இறக்குமுன் ஆழமில்லாத இடத்தில் ஓரிரு நாள் ஊறவிட்டு, ஒழுகல் நின்றபின் ஆள் ஏற வேண்டும்.

பரிசல் மூன்றாவது வகை. ஒகேனக்கலில் பார்க்கிறோமே, மூங்கில் கூடு பின்னி மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்தித் தார் பூசியது. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். வெயிலில் போட்டால் தார் இளகும், விரிப்பு வெடிக்கும். தரையோடு போட்டால் மூங்கிலில் கரையான் ஏறும். நம் செம்மண் பூமியில் அதற்கு அதிக நாள் வேண்டாம். கவிழ்த்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மரநிழலில் வைப்பதே சரி. கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட இடமிருந்தால் இன்னும் நல்லது.

எல்லாப் படகையும் கவிழ்த்துவிடலாமா? சிறு துடுப்புப் படகை விளிம்பு முழுக்கத் தாங்கல் கொடுத்துக் கவிழ்க்கலாம். மிதிபடகைக் கூடாது. அதன் பெடல் அச்சும் சுக்கானும் அந்த எடையைத் தாங்கச் செய்தவை அல்ல. மிதிபடகின் மூடிய மிதவைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, இருந்தால் வடித்துவிட்டு நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள்.

பழைய டயர்மேல் வைப்பது ஊர் வழக்கம். இதை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறேன். டயருக்குள் தேங்கும் மழைநீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். அதன் முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரியும். மழைநீர் நிற்கும் படகும் அப்படியே. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். டயருக்குப் பதில் இரண்டு மூன்று அகலமான மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, மேலே ரப்பர் விரிப்புப் போடுங்கள். கோணி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடை படகின் முதுகெலும்பான ஏராவின்மேல் இறங்கட்டும், பக்கத்துக் கட்டைகள் சாயாமல் பிடித்தால் போதும்.

ஏரி வற்றியபின் படகை ஏரிக்குள்ளேயே விட்டுவைப்பதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. கல்வராயன்மலையில் இரவில் கொட்டும் மழை நமக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. கரைக்கு வெளியே, மேட்டில், ஒரு மரத்திலோ ஆழமாக நட்ட கல்லிலோ கட்டி வையுங்கள்.

மோட்டார் உள்ளவர்களுக்கு இன்னொன்று. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைத்து ஆறு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்துவிட்டு, எஞ்சின் கிளம்பவில்லை என்று கம்பெனியைக் குறைசொல்லிப் பயனில்லை. எரிபொருளை வடித்துவிட்டு, மோட்டாரைக் கழற்றி, நிமிர்த்தி வையுங்கள். வடித்த எரிபொருளைப் படகு இருக்கும் மூடிய கொட்டகைக்கு வெளியே பாதுகாப்பாக வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் தொங்கவிடுங்கள். மூட்டையாகக் கட்டினால் எலிக்குத்தான் வீடு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் விசைப்படகுக்காரர்கள் அந்த நாள்களில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்து, வர்ணம் பூசுகிறார்கள். நம் ஏரிகள் வற்றும் காலமும் ஏறத்தாழ அதுவே. முதல் வாரத்திலேயே கழுவிக் காயவைத்துத் தட்டிப் பார்த்தால் விரிசலை அடைக்க நாள் இருக்கும். கழுவும்போது அடியில் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துணுக்கைக்கூட விடாமல் எடுங்கள். ஒரே படகை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகும் குத்தகைக்காரர்களுக்கு இது மிக முக்கியம். ஒரு சிறு செடியே புதுத் தண்ணீரில் கிளைத்துப் பரவிவிடும். எடுத்த செடிகளைக் கரையில் போடாமல், மேட்டில் வெயிலில் பரப்பிக் கருகவிட்டு எரித்துவிடுங்கள்.