உழைப்பும் ஓய்வும் செபமும்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். சொந்த வயலில் நின்றவர் குத்தகைக் காணியில் நிற்கிறார். அல்லது பிறருடைய தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் கிண்டுகிறார். விற்ற மாட்டை வாங்க வேண்டும், அடகில் கிடக்கும் நகையை மீட்க வேண்டும், பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும். ஆகவே விடியமுன் எழுந்து இருட்டும்வரை உழைக்கிறார். ஞாயிறும் திங்களும் அவருக்கு ஒன்றுதான். அடுத்த கொட்டிலில் இருப்பவருக்கோ காணியுமில்லை, கூலி வேலையுமில்லை. நிவாரணத்தை எதிர்பார்த்து நாள் முழுவதும் குந்தியிருக்கிறார். ஒருவர் வேலையால் நொந்துபோகிறார். மற்றவர் வேலையின்றி நொந்துபோகிறார். உண்மையில் இருவருக்குமே ஓய்வு இல்லை. செய்ய வேலை இருப்பவனுக்குத்தான் ஓய்வு ஓய்வாகும். கட்டாயத்தால் சும்மா இருப்பது ஓய்வு அல்ல, அது ஒரு பாரம்.

இவ்விருவருக்கும் இறைவார்த்தை என்ன சொல்கிறது? இப்பாடத்தில் நாம் சேர்ந்து படிப்போம்.

1. கூடாரவாசிகளுக்குக் கிடைத்த ஓய்வுநாள்

“காணி திரும்பக் கிடைக்கட்டும், கடன் தீரட்டும், அதன்பின் ஓய்வைப் பற்றி யோசிப்போம்” என்று நம்மிற் பலர் சொல்லுகிறோம். ஓய்வு என்பது வசதி உள்ளவர்களின் வழக்கம் என்பது நம் எண்ணம். விவிலியத்தில் இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் காண்கிறோம்.

எகிப்தில் இஸ்ராயேல் மக்கள் செங்கல் அறுக்கும் அடிமைகளாக இருந்தார்கள். இறைவனை வழிபடச் சில நாள் விடுதலை கேட்டபோது, பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசி, வைக்கோல் கொடுப்பதையும் நிறுத்தினான். செங்கல் கணக்கோ குறையவில்லை (விடுதலைப் பயணம் 5). அங்கிருந்து வெளியேறிய மக்கள் பாலைநிலத்தில் கூடாரங்களில் தங்கினார்கள். அவர்களுக்கு வயலுமில்லை, கிணறுமில்லை. அந்த நிலையில்தான் மன்னா என்ற உணவு கிடைத்தது. அன்றன்று தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். பயத்தினால் அடுத்த நாளுக்குப் பதுக்கியவர்களின் பங்கு புழுத்துப்போனது. ஆறாம் நாள் இரட்டைப் பங்கு கிடைத்தது, ஏழாம் நாள் ஓய்வு (வி.ப. 16). சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் கிடைத்தது இதன் பின்னர்தான். சொந்த நிலம் கிடைத்ததோ நாற்பது ஆண்டுகள் கழித்து.

ஆகவே, ஓய்வுநாள் காணி உறுதியோடு வந்ததல்ல. நிலமற்ற அகதிகளுக்கே அது முதலில் கொடுக்கப்பட்டது. அதன் காரணத்தை இணைச் சட்டம் 5ஆம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது: நீங்கள் அடிமைகளாக இருந்தீர்கள், இனி அப்படி அல்ல. ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் ஏழை, “நான் எவருக்கும் அடிமையல்ல, என் கடனுக்கும் அடிமையல்ல” என்று அறிக்கையிடுகிறான்.

2. உழைப்பு சாபமல்ல

நிலத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பை இறைவன் மனிதனிடம் ஒப்படைத்தது, மனிதன் பாவத்தில் விழுமுன்னரே (தொடக்கநூல் 2:15). நாசரேத்தில் இயேசு தச்சுவேலை செய்தார். வேலை செய்ய மனமில்லாதவனைப் புனித பவுல் கண்டிக்கிறார். ஆனால் கவனியுங்கள்: அவர் கண்டிப்பது மனமில்லாதவனையே, வேலை கிடைக்காதவனை அல்ல.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரைச் சந்திக்கிறோம். கிலவுதியு மன்னன் யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது இவர்கள் கொரிந்து நகருக்கு இடம்பெயர்ந்தார்கள். கைத்தொழிலாகக் கூடாரம் செய்தார்கள். பவுலும் அதே தொழில் தெரிந்தவராதலால், அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்னர் இவர்களுடைய வீட்டிலேயே திருச்சபை கூடியது (1 கொரிந்தியர் 16:19). ஊரை இழந்தவர்கள் தங்கள் தொழிலை இழக்கவில்லை, செபத்தையும் இழக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் உழைப்பும் வழிபாடும் இருந்தன.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1928ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் ஆரம்பித்த செபமாலைத் தாசர் சபையினர், செபத்தையும் மௌனத்தையும் கைவேலையையும் ஒரே வாழ்வாக ஆக்கிக்கொண்டவர்கள்.

3. ஓய்வு யாருக்கு?

மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, நம்மோடு தங்கியிருக்கும் அந்நியன் ஆகிய எல்லாருக்கும் ஓய்வு உரியது என்று கட்டளை ஒரு பட்டியலே தருகிறது. வீட்டுத்தலைவன் மட்டும் சாய்ந்திருந்தால் கட்டளை நிறைவேறாது.

ஞாயிற்றுக்கிழமையில் ஆண்கள் வயலுக்குப் போவதில்லை. ஆனால் அன்றுதான் வீட்டுப் பெண்ணுக்கு வேலை கூடுகிறது. தண்ணீர் அள்ளுவதும், விறகு பொறுக்குவதும், உடுப்புத் தோய்ப்பதும், விருந்தினருக்குச் சமைப்பதும் அவள் தலையில் விழுகின்றன. அவளுக்கு ஏழு நாளும் வேலைநாள். இது பார்வோனுடைய கணக்கு, இறைவனுடைய கணக்கு அல்ல.

நமது முன்னோர் பட்டிப்பொங்கலன்று மாட்டை ஏரில் பூட்டாமல், குளிப்பாட்டி, மாலையிட்டு மதித்தார்கள். வாயில்லாச் சீவனுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த நாம், கூலிக்கு வருபவரின் களைப்பையும் அறிவோமா? நிலமும் அப்படியே. ஏழாம் ஆண்டு நிலம் ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது லேவியர் 25. குத்தகைக் காணியைத் தரிசாக விடுவது நமக்கு இயலாது. ஆனால் போகங்களுக்கிடையில் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது தாழ்க்கலாம். நெல்லுக்குப் பின் பயறோ உழுந்தோ போடலாம். இவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மண்ணின் சொந்த வளம் எவ்வளவு அவசியம் என்பதை எல்லாரும் அறிந்தோம்.

4. அறுவடை நேரத்தில் மழை கறுத்தால்?

இது நியாயமான கேள்வி. உழவு காலத்திலும் அறுவடை காலத்திலுங்கூட ஓய்வுநாளைக் கைக்கொள்ள வேண்டும் என்று வி.ப. 34:21 கூறுகிறது. வேலை நெருக்கும் காலத்தில்தான் அதை மறப்போம் என்பது இறைவனுக்குத் தெரியும். ஆயினும், கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கி விடமாட்டீர்களா என்று இயேசு கேட்டார் (லூக்கா 14). குடும்பத்தின் உண்மையான தேவை இருக்கும்போது ஞாயிறு வேலை குற்றமாகாது என்பதே திருச்சபையின் போதனையும். வெட்டிய நெல் நனையப்போகிறதென்றால் ஓடிப்போய் மூடுங்கள். வாய்க்கால் தண்ணீர் முறை ஞாயிறன்று வந்தால் பாய்ச்சுங்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மாடு கிணற்றில் விழுவதில்லை. தேவை எது, பயம் எது, ஆசை எது என்பதை நேர்மையாகப் பிரித்தறிய வேண்டும்.

5. உடம்பும் விசுவாசமும்

எலியா இறைவாக்கினர் உயிர் தப்பி ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்டார் (1 அரசர் 19). வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மீண்டும் உண்ணக் கொடுத்தார். அதன் பின்னரே நீண்ட பயணம், அதன் பின்னரே இறைவனோடு உரையாடல். களைத்த உடம்பின் சோர்வை விசுவாசக் குறைவு என்று நாம் அவசரமாகத் தீர்ப்பிடலாகாது.

உச்சி வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது வீரம் அல்ல. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரரிடையே காணப்படும் சிறுநீரக நோயின் காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் கடும் வெப்பமும் நீரிழப்பும் சந்தேகிக்கப்படும் காரணங்களுள் அடங்கும்.

விதைத்தவன் இரவில் தூங்குகிறான். அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது என்பது இயேசு சொன்ன உவமை (மாற்கு 4). உழுவதும் விதைப்பதும் நம் வேலை. முளைக்கச் செய்வது நம் வேலையல்ல. விதைக்காமல் “கடவுள் தருவார்” என்பது விசுவாசமல்ல. விதைத்த பின்னும் தூங்காமல் தவிப்பதும் விசுவாசமல்ல.

6. நாம் செய்யக்கூடியவை

- கடும் வேலையைக் காலையிலும் பிற்பகலிலும் வைத்து, உச்சிப் பொழுதை நிழலில் கழிப்போம்.
- ஞாயிறு தண்ணீர், விறகு வேலைகளை ஆண்களும் பிள்ளைகளும் பொறுப்பேற்போம், சமையலை எளிமையாக்குவோம்.
- நாலைந்து குடும்பங்கள் கூடிக் கைமாற்றாக வேலை செய்வோம். வேலையற்றிருக்கும் அயலவரையும் சேர்த்துக்கொள்வோம். ஒருவருடைய பாரமும் மற்றவருடைய வெறுமையும் ஒன்றாகக் குறையும்.
- குரு வர இயலாத ஞாயிறுகளில் ஒரு மரத்தடியிலாவது கூடி, இறைவார்த்தை வாசித்துச் செபிப்போம்.
- இரவில் விளக்கு அணைக்குமுன் குடும்பமாகச் சிறிது நேரம் செபிப்போம். கடன் கணக்கை அந்நேரம் எடுக்காதிருப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது வீட்டில் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்காதவர் யார்? ஏன்?
2. சென்ற மாதம் நாம் செய்த ஞாயிறு வேலைகளுள் “கிணற்றில் விழுந்த மாடு” எத்தனை?
3. நமது குடியிருப்பில் வேலை கிடைக்காமல் இருப்பவர்களை எந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்?

ஒரு கூட்டத்தில் எல்லாக் கேள்விகளையும் முடிக்க வேண்டியதில்லை. முதற் கேள்விக்கு வீட்டுப் பெண்கள் முதலில் பதில் சொல்லட்டும், ஆண்கள் கேட்டிருக்கட்டும். பின்னர், அடுத்த ஞாயிறுக்கு ஒவ்வொரு குடும்பமும் மாற்றப்போகும் ஒரு வேலையைத் தீர்மானித்துக்கொண்டு, செபத்தோடு கூட்டத்தை முடிப்போம்.