குடித்தொகைக் கணக்கு

கூட்டுவட்டிக் கணக்கை இக்கல்லூரியின் வாங்குகளிலிருந்து கற்ற காலத்தில், அது கடன் கொடுப்போர்க்கே உதவும் என்று எண்ணியவர் நம்முட் பலர். மக்கட் பெருக்கத்தை அளப்பதற்கும் அக்கணக்கே வேண்டப்படுகின்றது. குடித்தொகையை அளக்கும் அடிப்படைச் சூத்திரங்கள் சிலவற்றை, நம் நாட்டுக் குடிசன மதிப்பீடுகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சமன்பாடு

ஓரிடத்தின் மக்கட்டொகை நான்கு வழிகளாலன்றி மாறுவதில்லை. பிறப்பும் குடிவரவும் அதனைக் கூட்டும். இறப்பும் குடியகல்வும் அதனைக் குறைக்கும். ஆகவே,

பிந்திய தொகை = முந்திய தொகை + (பிறப்பு − இறப்பு) + (குடிவரவு − குடியகல்வு)

முதலாம் அடைப்பிலுள்ளது இயற்கை அதிகரிப்பு. இரண்டாம் அடைப்பிலுள்ளது தேறிய இடப்பெயர்வு.

பிறப்பு, இறப்பு வீதங்கள்

ஓராண்டின் பிறப்புக்களை அவ்வாண்டின் நடுப்பகுதிக் குடித்தொகையால் வகுத்து ஆயிரத்தாற் பெருக்கினாற் பிறப்பு வீதம் கிடைக்கும். இறப்பு வீதமும் அவ்வாறே. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தொகை வேறுபடுதலின் நடு ஆண்டுத் தொகை கொள்ளப்படுகின்றது.

இலங்கையின் இறப்பு வீதம் 1946 இல் ஏறக்குறைய 20 ஆக இருந்து, மறு ஆண்டிலேயே ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. மலேரியா நுளம்புகளை ஒழிக்க டி.டி.ரி. தெளித்தமையும் சுகாதார சேவைகள் பெருகியமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். 1953 இல் பிறப்பு வீதம் ஏறக்குறைய 39. இறப்பு வீதம் ஏறக்குறைய 11. வேறுபாடு ஆயிரத்துக்கு 28, அஃதாவது நூற்றுக்கு 2.8. பிறப்பும் இறப்பும் ஆயிரத்துக்கும், வளர்ச்சி நூற்றுக்கும் கூறப்படுவதை மாணவர் மறத்தலாகாது.

வளர்ச்சி வீதம்

1946 மார்ச்சு 19 இல் எண்ணப்பட்டோர் 6,657,339. 1953 மார்ச்சு 20 இல் 8,097,895. இடைக்காலம் ஏழாண்டு. அதிகரிப்பு 1,440,556, இது முந்திய தொகையில் நூற்றுக்கு 21.6. இதனை ஏழால் வகுத்து ஆண்டுக்கு 3.09 எனக் கூறின் பிழையாகும். அது எளிய வட்டிக் கணக்கு. ஓராண்டிற் கூடிய மக்கள் அடுத்த ஆண்டின் முதலோடு சேர்ந்து விடுகின்றனர். ஆதலின் பிந்திய தொகையை முந்திய தொகையால் வகுத்து வரும் 1.2164 இன் ஏழாம் மூலத்தை மடக்கை அட்டவணை கொண்டு காணல் வேண்டும். அது 1.0284, எனவே ஆண்டு வளர்ச்சி நூற்றுக்கு 2.84.

இரட்டிக்கும் காலத்தை அறிய 70 ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தாற் போதும். 2.8 ஆல் வகுக்க 25 ஆண்டு வரும். இதன்படி 1978 அளவில் நம் தொகை 1 கோடி 62 இலட்சமாகியிருத்தல் வேண்டும். 1981 மார்ச்சில் எண்ணப்பட்டோரோ 14,846,750 பேரே. மணம் செய்யும் வயது உயர்ந்தது. பிறப்பு வீதம் தாழ்ந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் பெருந்தொகையினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். வீதம் மாறாதெனக் கொண்டதே சூத்திரம்; மக்கள் வாழ்வோ மாறுவது. 2012 க்கும் 2024 க்கும் இடையில் ஆண்டு வளர்ச்சி நூற்றுக்கு ஏறக்குறைய 0.5 மட்டுமே.

யாழ்ப்பாணத்துக் கணக்கு

பின்னர் பிரிந்த கிளிநொச்சியை நீக்கிப் பார்க்கின், 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 738,788 பேர் இருந்தனர். 2012 இல் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே எஞ்சினர். அந்த 31 ஆண்டுகளில் நாட்டின் தொகை நூற்றுக்கு 37 கூடிற்று. யாழ்ப்பாணமும் அவ்வாறே கூடியிருப்பின் பத்து இலட்சத்தைக் கடந்திருக்கும். குறைந்து நிற்பது நான்கு இலட்சத்துக்கு மேல்.

இக்குறையை எவ்வாறு பங்கிடுவது? 1991 இல் குடிசன மதிப்பீடே நடைபெறவில்லை. 2001 இல் வடக்கு கிழக்கில் முழுமையாக நடைபெறவில்லை. போர்க்காலப் பிறப்பு இறப்புப் பதிவுகளும் நிறைவானவையல்ல. சமன்பாடோ ஒன்று, அறியாக் கணியங்கள் பல. இத்தகைய இடத்தில், பதிவான இயற்கை அதிகரிப்பைக் கழித்து எஞ்சுவதை இடப்பெயர்வு எனக் கொள்வது கணிப்போர் வழக்கம். இதில் ஒரு பெரும் இடர் உண்டு. பதியப்படாத இறப்பு, கணக்கிற் குடியகல்வாகத் தோன்றிவிடும். மாண்டவர் ஒருவர் பிறநாட்டில் வாழ்பவராக எண்ணப்படுவார். சூத்திரம் பிழைக்கவில்லை, அதனுள் இட்ட எண்ணே பிழைத்தது.

எண்ணிக்கை குறைதலின் விளைவு ஏட்டோடு நிற்பதுமன்று. பதிவு செய்த வாக்காளர் தொகைக்கேற்ப யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குரிய பாராளுமன்ற உறுப்பினர் 2010 இல் ஒன்பதின்மர். 2015 இல் எழுவர். 2024 இல் அறுவர்.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவது இது: சூத்திரத்தை மனனஞ் செய்யுமுன் அதன் ஒவ்வோர் உறுப்பும் எப்பதிவிலிருந்து வந்ததெனக் கேளுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல்: நீங்கள் சமன்பாட்டின் இறுதி உறுப்பில் அடங்குகின்றீர்கள். உங்கள் குடும்பத்திற் பிறந்தோர், இறந்தோர், பெயர்ந்தோர் விபரங்களை ஆண்டு குறித்து எழுதி வையுங்கள். அரசின் ஏட்டில் விடுபட்டோர் வீட்டின் ஏட்டிலேனும் இருத்தல் வேண்டும்.