வாணத்தின் வால்

கரிசல் நிலமும் அருமழையும் உடைய சிவகாசி வட்டாரத்தில் செய்யப்பெறும் வாணங்களுள், குச்சி கட்டிய ராக்கெட் வாணம் சிறுவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. குழாயிலுள்ள மருந்து எரிந்து புகையைக் கீழே உந்த, வாணம் மேலே பாய்கின்றது. குச்சியை வெறும் பிடியென்றே பலரும் எண்ணுவர். வாணத்தை நேரே செலுத்துவது அதுவே. வாணம் சற்றுச் சாய்ந்தால், எதிர்க்காற்று நீண்ட குச்சியைப் பக்கவாட்டில் தள்ளும். உடனே தலை பழைய வழிக்குத் திரும்பும். குச்சியை ஒடித்துவிட்டால் காற்றுக்குப் பிடிப்பு இல்லை. வாணம் தாறுமாறாய்ச் சுழன்று கூரையிலும் பாயும், கூட்டத்திலும் பாயும்.

வாணத்தை நேர்ப்படுத்தும் இக்காற்றே பந்தயக் காரைத் தரையோடு அழுத்தவும் வல்லது. 1968ஆம் ஆண்டில் பார்முலா ஒன் கார்களில் சிறகுகள் பொருத்தப்பெற்றன. அவை விமானச் சிறகைக் கவிழ்த்து வைத்தாற்போன்றவை. விமானச் சிறகு மேலே தூக்கும். இதுவோ கீழே அழுத்தும். பாரம் ஏற்றாமலே சக்கரங்களின் பிடிப்பு மிகுதலால், கார் வளைவுகளில் விரைந்து திரும்பும். ஆயின், 1969இல் பார்சிலோனாப் பந்தயத்தில் கிரகாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவர் கார்களிலும் உயர்ந்த சிறகுகள் ஓட்டத்தினிடையே முறிந்தன. அழுத்தம் அற்ற கார்கள் தடம் விலகி மோதின. அடுத்து மொனாக்கோவில் நடந்த பந்தயத்தின்போதே உயர்ந்த சிறகுகள் தடை செய்யப்பெற்றன.