அயனிக் கடிகாரம் கட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உயர்மின்னேற்ற அயனிகளைக் கொண்டு ஒளியியல் கடிகாரம் அமைக்கும் ஆராய்ச்சியில் இறங்க உத்தேசித்திருப்பதாக எழுதியிருந்தாய், மிக்க சந்தோஷம். ஆனால் உன் கடிதம் நெடுகத் தசம ஸ்தானங்களின் பெருமையே நிரம்பியிருந்ததால், எந்தக் கேள்விக்காக அத்துல்லியம் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது.

உதாரணமாக, ஆர்கான் அணுவின் 18 எலெக்ட்ரான்களில் 13-ஐ நீக்கிவிட்டால், எஞ்சிய ஐந்தும் அணுக்கருவின் பிடியில் வெகுவாக ஒடுங்கிவிடுகின்றனவாதலால், புற மின்புலங்கள் அவற்றை எளிதில் சலனப்படுத்துவதில்லை. கடிகாரத்துக்கு உத்தமமான குணம்தான். எனினும், எலெக்ட்ரான் கற்றையில் பிறக்கும்போது பத்து லட்சம் டிகிரி அளவில் கொதிக்கும் அந்த அயனியை, அதன்மேலேயே லேசரைப் பாய்ச்சிக் குளிர்விக்க வழியில்லை. ஆகவே ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத் தேசிய அளவியல் நிலையத்தார், ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தாருடன் சேர்ந்து, ஒரு பெரிலியம் அயனியை அதைக் குளிர்விக்கும் துணையாக வைத்தார்கள். வாய் திறவாத மாப்பிள்ளைக்காக மாமன் பதில் சொல்வதுபோல, ஆர்கானின் நிலையை இரண்டுக்கும் பொதுவான அசைவின் வழியே ஏற்றுத் தன் ஒளியால் தெரிவிப்பது பெரிலியமே. துணை அயனியின் வழியே நிலையை அறியும் இந்த யுக்தியை முதலில் வகுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வைன்லாண்ட்.

2022-இல், அவர்கள் இவ்வாறு அமைத்த ஆர்கான் கடிகாரத்தின் முறைசார் ஐயப்பாடு 2.2×10⁻¹⁷ என்று வெளியாயிற்று. எல்லோரும் அந்த எண்ணையே கொண்டாடினார்கள்; எனக்கோ, ஆர்கான் 40, ஆர்கான் 36 ஆகிய ஐசோடோப்புகளின் அதிர்வெண் வித்தியாசத்தை அளந்து, அணுக்கருவின் பின்னுதைப்பு பற்றிய குவாண்டம் மின்னியக்கவியல் கணிப்பைச் சோதித்ததே அதன் மேலான பயனாகப் படுகிறது.

நுண்ணமைப்பு மாறிலி காலப்போக்கில் நகர்கிறதா என்று பார்ப்பதே உன் ஆசையானால் ஆர்கானோடு நின்றுவிடாதே. பெரன்கட், ட்ஸூபா, ஃபிளாம்பாம் ஆகிய கோட்பாட்டாளர்கள் எடுத்துக்காட்டியபடி, எலெக்ட்ரான் மட்டங்கள் ஒன்றையொன்று கடக்கும் கலிஃபோர்னியம் போன்ற கனத்த அயனிகளே அதற்கு அதிக நுண்ணுணர்வு உடையவை. ஆனால் கலிஃபோர்னியமோ கதிரியக்கமுள்ள அரும்பொருள். மேலும், அத்தகைய அயனிகளில் நிறமாலைக் கோடு எங்கே இருக்கும் என்பதைக் கணக்கு போடுபவர் துல்லியமாகச் சொல்லாவிட்டால், சோதனைக்காரன் இருட்டில் துழாவ வேண்டியதுதான். ஆதலால் கோட்பாட்டாளர்களோடு இப்பொழுதே நட்பு கொள்.

இன்னொன்று: எஞ்சிய வாயுவின் ஒரு மூலக்கூறு எலெக்ட்ரானைத் தந்துவிட்டால் அயனி உனக்குப் பயனற்றுப் போகும், புதிதொன்றைப் பிடித்து மீண்டும் தொடங்க வேண்டும். கடுங்குளிர் வெற்றிடக் கலத்தின் பராமரிப்பை இழிவாக எண்ணாமல் முதலில் அதையே கற்றுக்கொள். எந்த அயனியைத் தேர்ந்தாய் என்று பிறகு எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்