சூப்பர்நேட்டன்ட் - நம்ம வீட்டுத் 'தெளிவு'



வேதியியல் லேபில் நம்மை மிரட்டும் சொற்களில் ஒன்று 'சூப்பர்நேட்டன்ட்'. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'நட்டாரே' என்றால் நீந்துதல். வண்டலோ வீழ்படிவோ அடியில் தங்கியபின் அதன்மேல் நிற்கும் நீர்மமே சூப்பர்நேட்டன்ட். தானாகப் படியவிட்டாலும், மையவிலக்குக் கருவியில் சுழற்றினாலும் பெயர் இதுதான்.

வேறு சொற்களோடு இதைக் குழப்பக் கூடாது. வடிதாள் வழியே இறங்கியது வடிநீர். ஆவியாகிக் குளிர்ந்து சேர்ந்தது காய்ச்சி வடித்த நீர்மம். தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாக நின்றால் அவை கலவா நீர்மங்கள்.

லேபில் இதன் பயன் என்ன? சல்பேட் கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு வரும். படிந்தபின் மேலே உள்ள தெளிவில் இன்னும் ஒரு துளி விட வேண்டும். மறுபடி கலங்கினால் கரைசலில் சல்பேட் பாக்கி இருக்கிறது. கலங்காவிட்டால் வேலை முடிந்தது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடமே போகாத எங்க அம்மா ரசம் ஊத்தும்போது, "மண்டி கலங்காம தெளிவ மட்டும் இறுத்து ஊத்து" என்பாங்க. மண்டி என்பது வண்டல், தெளிவு என்பது சூப்பர்நேட்டன்ட், இறுத்தல் என்பது டிகன்டேஷன். ஒரே வாக்கியத்தில் மூணு லேப் சொற்கள்!

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலையைப் புரட்டிப்போட்ட வாரம், எங்க தெருக் கிணத்துத் தண்ணி செம்மண்ணாக் கலங்கிப் போச்சு. ஆயா பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்தாங்க. அதிலுள்ள பொருள் மண்ணின் நுண்துகள்களைப் பிணைத்துத் திரட்டுவதால் அவை கனத்து அடியில் இறங்கும். குடிநீர் நிலையங்களில் படிகாரமும் துகள்களை இப்படித்தான் திரளவைக்கிறது. கலித்தொகையிலேயே இந்த முறை உவமையாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தத் தண்ணீர் அல்ல. கிருமி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

என்னைப்போல் குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்த நண்பர்களே! ஆங்கிலச் சொல்லைக் கட்டாயம் கற்போம். மேற்படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும். ஆனால் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டாம். புதுச்சொல் வந்தால் புத்தகத்தோடு அடுப்படியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.